ஆச்சியோடு மலைக்கு

வியாழன்

கொடைக்கானலுக்கு ஐந்து மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவை விட்டு வண்டி நகர்ந்தபோது மணி ஏழேகால். காரணம் அத்தை, அதாவது என் மாமியார், மகளுக்கு ஆச்சி. வயது எழுபத்தெட்டு. பயணம் போகிற அன்று ஜெபம் பண்ணாமல் படியிறங்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அந்த ஜெபத்தில் வண்டி ஓட்டுகிறவர், வண்டியின் நான்கு டயர், எதிரே வரப்போகிற லாரிக்காரர்கள், அவர்களுடைய தூக்கம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆமென் சொல்லிக் கதவைப் பூட்டிய பிறகு, முதலூர் மஸ்கோத் அல்வாப் பொட்டலத்தை எடுத்து வைத்தோமா என்று ஒரு சந்தேகம். மறுபடி திறந்து, மறுபடி பூட்டி, மறுபடி ஒரு குட்டி ஜெபம்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. காலாண்டு விடுமுறை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஒடுங்கியவள் மதுரை சுற்றுச்சாலை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தானுக்கு, அதாவது என் கணவருக்கு, மூன்று வருடமாக லீவே கிடைக்காமல் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு. அங்கே சாப்பாடு. மலைக்கு வண்டி ஏற வேண்டிய இ-பாஸை நான் முந்தின நாளே எடுத்துவிட்டேன். தண்ணீர் பாட்டில் விஷயத்தைத்தான் மறந்துபோனேன். சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் அரை டஜன் வாங்கி வைத்திருந்தேன். அபராதம் கட்டினோம். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவருக்கு ஒரு கலை.

டம்டம் பாறையில் இறங்கினோம். தூரத்தில் தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். ஏறக்குறைய ஆயிரம் அடி உயரம், 297 மீட்டர். இங்கிருந்து பார்க்கும்போது கரும்பச்சைச் சேலையில் பிரிந்து தொங்கும் ஒரு வெள்ளை நூல். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் மகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆச்சி அவள் முதுகைத் தடவி, முந்தானை முடிச்சிலிருந்து பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தார்கள். எழுபத்தெட்டு வயசுக்காரிக்குத் தலைசுற்றல்கூட இல்லை.

மறுபடி வண்டியில் ஏறியதும் அத்தை கேட்டார்கள்: “ரோடு இல்லாத காலத்துல வெள்ளக்காரங்க எப்படி ஏறுனாங்க?”

இந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நாம் போகிற இந்தச் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் திறந்தது. மேஜர் லா என்பவர் பெயரால் லாஸ் காட் என்று பெயர், காட் என்றால் மலைப்பாதை. அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து ஒரு செங்குத்தான பாதை. ஆண்கள் மட்டக்குதிரையில், பெண்களும் பிள்ளைகளும் ஆட்கள் தோளில் தூக்கிப் போகிற டோலியில். சொன்னேன்.

“தூக்குனது யாரு?”

“கூலியாட்கள்தான் அத்தை. அந்தப் பாதைக்கே கூலி காட் என்றுதான் பெயர்.”

“அவங்க பேரு எங்கயாச்சும் இருக்கா?”

நான் படித்த எதிலும் இல்லை. மேஜர் பெயர் இருக்கிறது, கலெக்டர் பெயர் இருக்கிறது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தங்கும் இடத்தில் “ஏரி தெரியும் அறை” என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி. “இதுவும் தண்ணிதான” என்றார் அத்தான்.

ராத்திரி குடும்ப ஜெபம். வீட்டில் இருக்கிற மாதிரியே. முறைப்படி இன்றைக்கு வாசிக்க வேண்டியவள் மகள். “நான் வாசிக்கலை” என்றாள். ஏன் என்று கேட்டேன். “சும்மா வாசிக்கிறது பொய் மாதிரி இருக்கும்மா.” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஞாயிறுபள்ளியில் பதினைந்து வருடம் பாடம் நடத்தியவள் நான். அந்தக் கோபத்தில் ஊராரின் பிள்ளைகள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய்விட்டேன். அத்தான் வேதாகமத்தை வாங்கி அவரே வாசித்தார். மலைகளைப் பார்க்கிற அந்தச் சங்கீதம். எட்டே வசனம். முடியும்வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வெள்ளி

காலையில் ஏரி. பனிமூட்டம் தண்ணீரின் மேல் ஓர் அடிக்கு மட்டும் நின்றது. நட்சத்திரம் போல ஐந்தாறு பக்கம் கை நீட்டிய ஏரி இது. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச் சதுப்பு நிலத்தில் கரை கட்டித் தேக்கியது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்று படித்ததைச் சொன்னதும் அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம ஊர் போட்டுடா!” என்று, பெடல் படகில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு கல்லூரிப் பையனிடம் கத்தினார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பரவாயில்லை, நேற்றைக்குப் பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

எனக்கு ஏரியைவிட ஏரிக்கு முந்திய கதைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளில் பலர் காய்ச்சலிலும் காலராவிலும் செத்தார்கள். மனைவிமார், கைக்குழந்தைகளும்கூட. முதலில் சிறுமலையில் போய்த் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல். பிறகுதான் இந்தப் பழனிமலை. 1845-ல் இரண்டு வீடுகள் கட்டினார்கள், சன்னிசைடு, ஷெல்டன் என்று. கொடைக்கானல் என்கிற மலை நகரம் அந்த இரண்டு வீட்டில் தொடங்கியது. இன்றைக்கு ஹோம்மேட் சாக்லேட்டும் குதிரைச் சவாரியுமாக இருக்கிற ஊர், பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று தவித்த தாய்தகப்பன்மார் ஓடி ஏறின ஊர்.

இதை ஒரு சாட்சி மாதிரி, கொஞ்சம் உருக்கமாகவே அத்தையிடம் சொன்னேன். சபையில் இதைச் சொன்னால் நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். அத்தை வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டே கேட்டார்கள்: “கீழ மதுரையில இவங்க வீட்டுல சமையல் பண்ணுனவ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எங்க கொண்டு போனா?”

பதில் தெரியவில்லை. கேள்வி தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. மிஷனரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் போட்ட பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்துதான் எங்கள் குடும்பத்தில் முதல் பெண் எழுத்துக் கற்றாள். ஆனாலும் அத்தையின் கேள்வி கேள்விதான்.

மத்தியானம் முழுக்க மழை. குறிஞ்சி ஆண்டவர் கோவில் பக்கம் போய்த் திரும்பினோம். குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030 என்றேன். “அதுக்குள்ள நான் மேல போயிருவேன். இதவிட மேல” என்று அத்தை கையைக் காட்டினார்கள்.

சனி

சூரிய ஆய்வகம் மகளின் விருப்பம். ஊருக்கு மேலே, 2343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1899-ல் தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியனின் கரும்புள்ளியில் வாயு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவி ஓடுகிறது என்று இங்கே வைத்துத்தான் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். இதையெல்லாம் எனக்கு விளக்கியவள் மகள். இரண்டு நாளாக ‘ம்’, ‘சரி’ தவிர எதுவும் பேசாதவள், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். அவளுக்குப் பிடித்தது எவர்ஷெட்டைவிட இன்னொன்று: நூறு வருடத்துக்கு மேலாக இங்கே நாள்தோறும் சூரியனைப் படம் பிடிக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகட்டில், இப்போது கணினியில். அதே சூரியன், தினமும்.

“மேகமா இருந்தா?” என்றார்கள் ஆச்சி.

“அன்னைக்குப் படம் இருக்காது ஆச்சி. ஆனா ஆள் வந்து பார்ப்பாங்க. வந்து பார்த்தாதான மேகம்னு தெரியும்.”

சொல்லிவிட்டு அவள் அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டாள். அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அது உடனே பிரசங்கமாகிவிடும். என் வாயை நான் அறிவேன்.

சாயங்காலம் வட்டக்கானல். இஸ்ரேலிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்குகிற இடம். கடைப்பலகைகளில் எபிரேய எழுத்து. அத்தைக்குக் காலே நகரவில்லை. “இதுதான் மோசே எழுதுன எழுத்தா?” என்று ஒரு பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்கள். பலகை எதைச் சொல்கிறது என்று கடைப் பையனிடம் கேட்டேன். முட்டையும் தக்காளியும் போட்டுச் செய்கிற ஏதோ ஒரு பலகாரமாம். அத்தைக்கு அதனால் பக்தி குறையவில்லை. ஒரு பிளேட் வாங்கச் சொல்லி, “நம்ம தக்காளித் தொக்கு” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கடைத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். மனைவியின் ஊர் வெள்ளகவி. டால்பின் நோஸ் பாறைக்குக் கீழே, கும்பக்கரைக்குப் போகிற பழைய பாதையில் இருக்கிற ஊர். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, ஊரே சாமி இடம் என்று. சாமான் எல்லாம் குதிரை மேல்தான் ஏறும். அத்தை சும்மா இருப்பார்களா? டோலி பற்றிக் கேட்டார்கள்.

“நானே தூக்கியிருக்கேன்மா. பிரசவ வலி எடுத்த பிள்ளைய. மூங்கில் கம்புல போர்வையைக் கட்டி, முன்னால ரெண்டு பேரு, பின்னால ரெண்டு பேரு, மாத்துத் தோளுக்கு நாலு பேரு கூடவே வருவாங்க.”

அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்க வேண்டும் என்று அறைக்கு வந்ததும் முதல் வேலையாக எழுதுகிறேன். பின்னால் தூக்குகிறவனுக்குத் தரை தெரியாது. போர்வை மறைக்கும். அதனால் முன்னால் போகிறவன் காலில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ‘வலது கல்லு. இடது பள்ளம். வழுக்கு. வேர்.’ மலை முழுக்க அந்தச் சத்தம்தான். ராத்திரியானால் இன்னும் உரக்க. உள்ளே படுத்திருக்கிறவள் வலியில் முனகினாலும் அவன் நிறுத்தக் கூடாது. ஒரு கல்லைச் சொல்லாமல் விட்டால் பின்னால் இருக்கிறவன் விழுந்தான்.

பெரியவர் சட்டைக் காலரை இழுத்துத் தோளைக் காட்டினார். கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் எலுமிச்சை அளவுக்குத் தோல் தடித்துப் பழுப்பாக இருந்தது. மகள் ஒரு நொடி கை நீட்டி, தொடலாமா என்று தயங்கி, எடுத்துக்கொண்டாள்.

“அந்தப் பிள்ளை?” என்றார்கள் அத்தை.

“பிழைச்சுக்கிட்டா. அவ மகன் இப்ப பெரியகுளத்துல ஆட்டோ ஓட்டுறான்.”

ராத்திரி ஜெபத்தின் நடுவில் கரண்ட் போனது. அத்தையின் பெரிய எழுத்து வேதாகமம், கண் ஆபரேஷன் செய்த கண். மகள் போனில் டார்ச் போட்டுப் பக்கத்தின் மேல் பிடித்தாள். வாசிக்கவில்லை, பிடித்தாள். நடுவில், “ஆச்சி சீக்கிரம், சார்ஜ் நாலு பர்சென்ட்” என்றாள். அத்தை கடைசி மூன்று வசனத்தைப் பாசஞ்சர் ரயில் எக்ஸ்பிரஸ் ஆன மாதிரி வாசித்தார்கள்.

ஞாயிறு

காலைத் தமிழ் ஆராதனை. எங்கள் ஊர் மாதிரியே வாசலில் செருப்புக் குவியல், எங்கள் ஊர் மாதிரியே கடைசி வரிசையில் அழுகிற குழந்தை. குளிருக்குக் குல்லா போட்ட பாடகர் குழு மட்டும் புதுசு. பிரசங்கம் நீளம். வெளியே வந்தால் சுற்றுலா வேன்கள், அவற்றில் பாதி சபை வேன்கள். ஒலிபெருக்கி கட்டி ஆர்ப்பரித்துக்கொண்டு போகிறார்கள். இந்த மலைக்கு இவ்வளவு சத்தம் தேவையா என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அப்புறம் சலேத் மாதா கோவில். இதற்கு வீட்டில் ஒரு சின்ன விவாதம் நடந்தது. அது கத்தோலிக்கக் கோவில், நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை. “நாம சிஎஸ்ஐ” என்று அத்தை இரண்டு தரம் சொன்னார்கள். பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார் அத்தான். பிரெஞ்சு இயேசு சபைக் குருவான லூயி சேன்சீர் 1866-ல் கட்டியது. பிரான்சில் லா சலேத் என்ற மலைக்கிராமத்தில் 1846-ல் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள் ஒரு பெண்ணைப் பார்த்தார்களாம். உட்கார்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளாம். அவள்தான் மாதா என்பது அவர்கள் விசுவாசம். ஏற்றத்தில் அத்தையின் முழங்கால் மக்கர் பண்ண, ஒரு பக்கம் மகளும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டு போனோம். நடுநடுவே மகள், “வலது கல்லு ஆச்சி. இடது பள்ளம்” என்றாள். அத்தைக்குச் சிரிப்பில் இன்னும் மூச்சு வாங்கியது.

மகளும் அத்தானும் உள்ளே போனார்கள். அத்தை வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். நான் துணைக்கு. மாதா அழுத கதையை நேரம் போகட்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, நான் இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடமாகக் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்கள்.

“உன் அத்தானுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா.”

1969. சாத்தான்குளம் பக்கம் செம்மணல் மேடுகள் சூழ்ந்த தேரிக்காட்டு ஊர். பிறந்து நாற்பதாவது நாள் காய்ச்சல். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தேரி மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. இறங்கி நடந்தார்கள். குழந்தை தோளிலேயே போய்விட்டது. ஐயர், அதாவது சபைப் போதகர், மாதம் ஒரு தரம்தான் ஊருக்கு வருவார் என்பதால் ஞானஸ்நானம் இன்னும் கொடுக்கவில்லை. உபதேசியார் ஜெபம் பண்ணினார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில்தான் இடம். கல் வைக்கவில்லை. அடையாளத்துக்கு ஒரு கத்தாழையை நட்டார்கள்.

“பேரு வச்சோம். நாங்களா மனசுக்குள்ள வச்சோம்.” பெயரைச் சொன்னார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலாக ஏதாவது வசனம் சொல்ல வேண்டும் என்று பழக்கத்தில் வாய் திறந்தது. நல்லவேளை, அத்தையே, “ஒண்ணும் சொல்லாத. சும்மா இரு” என்றார்கள். இருந்தேன். வெள்ளிக்கிழமை அந்தச் சமையல்காரப் பெண்ணின் பிள்ளையைப் பற்றி ஏன் கேட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திரும்பிப் பார்த்தால் பத்தடி தள்ளி மகள் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

திங்கள்

இறங்குமுன் பஜாரில் மலைப்பூண்டு இரண்டு கிலோ. பூம்பாறைப் பக்கம் விளைவது, புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. விலையைக் கேட்டு அத்தை நாலு தரம் கடையை விட்டு வெளியே வந்து நாலு தரம் உள்ளே போனார்கள். ஐந்தாம் தரம் கடைக்காரரே இறங்கி வந்தார். வண்டி முழுக்க இப்போது பூண்டு வாடை.

இறக்கத்தில் மகளுக்கு வாந்தி இல்லை. இயர்போனும் இல்லை. பெருமாள்மலை தாண்டி ஊத்து வந்தபோது கேட்டாள்: “ஆச்சி, அந்தக் கத்தாழை இன்னும் இருக்குமா?”

முன்சீட்டில் அத்தானின் கழுத்து அசைந்தது. நேற்று ராத்திரி அவரிடம் நான் சொன்னபோது, அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றார். பத்து வயதில் அப்பா சொன்னாராம். அம்மாவிடம் கேட்காதே என்றும் சொன்னாராம். நாற்பது வருடத்துக்கு மேல் கேட்காமலே இருந்திருக்கிறார்.

“கத்தாழை சாகாதுட்டி. குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். இப்ப அந்த ஓரம் முழுக்க அதுவாத்தான் இருக்கும்.”

“அப்ப எதுன்னு தெரியாதா?”

“எனக்குத் தெரியும்.”

திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தினோம். மஸ்கோத் அல்வாவில் கடைசித் துண்டை மகளும் ஆச்சியும் பிய்த்துக்கொண்டார்கள். அத்தான் டம்ளரை ஆற்றிக்கொண்டே, ஆபீசுக்குப் போன் போட்டு நாளைக்கும் லீவு சொன்னார். திருநெல்வேலி போய்ச் சேர எட்டு மணி ஆகும், சாத்தான்குளத்துக்குக் காலையில் கிளம்பினால் போதும் என்றார். வண்டியில் ஏறும்போது, “வெயிலுக்கு முன்ன போகணும். தேரி சுடும்” என்றார்கள் அத்தை.